தேங்கிய நீரின் மண்: தருமபுரி ஏரிகளும் மண் வகைப்பாடும்

ஏரிகளின் அடியில் படிந்த மண்ணைப் பற்றி மண்ணியலில் எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு குளிர்நாடுகளின் ஏரிகளைப் பற்றியது. பனியுகம் முடியும் தறுவாயில் பனியாறுகள் உருகி ஓடிய நீர் பெரும் ஏரிகளாகத் தேங்கியது. அந்த நீரில் கலங்கி வந்த பாறைப்பொடி அடியில் படிந்தது. பின்னர் ஏரிகள் வடிந்ததும் அடித்தளமே வயல்களாயிற்று. தருமபுரி மாவட்டத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இங்குள்ள இன்றைய மண் உருவான காலம் முழுவதிலும் பனியாறு எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் தேங்கிய நீரில் மண் படிவதற்குப் பனி தேவையில்லை, கரை இருந்தால் போதும். தலைமுறை தலைமுறையாக இம்மாவட்டத்து மக்கள் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு, சிறிதும் பெரிதுமாக ஏரிகளை ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஏரிகளின் உள்வாயில் படிந்திருக்கும் மண், சுற்றியுள்ள செம்மண்ணிலிருந்து பிறந்தும் செம்மண்ணாக இல்லாத ஒரு மண். அதை மாவட்ட மண் வரைபடங்களில் தனி வகையாகக் குறித்து, அதன் குணங்களை அளந்து எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பனியேரி மண்ணின் இயல்பைப் பார்த்துவிடுவது நல்லது. ஒப்பிட அதுதான் அளவுகோல். கோடையில் பனி உருகி நீர் வேகமாக வரும்போது சற்றுப் பருமனான, வெளிர்நிற வண்டல் ஏரியடியில் படிகிறது. குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்து, நீர் அசைவற்று நிற்கும்போது மிக நுண்ணிய களி மெல்ல இறங்கி, கருநிறத்தில் மெல்லிய ஏடாகப் படிகிறது. ஒரு வெளிர் ஏடும் ஒரு கரிய ஏடும் சேர்ந்தால் ஓராண்டு. சுவீடனைச் சேர்ந்த ஜெரார்டு டி யேர் இந்த இரட்டை ஏடுகளை எண்ணியே பனி பின்வாங்கிய காலத்தைக் கணக்கிட்டு, 1910இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நிலவியல் மாநாட்டில் முன்வைத்தார். வட அமெரிக்காவில் இவ்வகை ஏரிகளில் மிகப் பெரியது அகாசிஸ் ஏரி. அது வடிந்து போன இடத்தில் இன்றைய வடக்கு டக்கோட்டா, மினசோட்டா, மானிட்டோபா பகுதிகளின் தட்டையான வயல்கள் கிடக்கின்றன. அங்குள்ள ஃபார்கோ மண் தொடர் அமெரிக்க வகைப்பாட்டில் வெர்டிசால் வரிசையில் வருகிறது. களி 35 விழுக்காட்டுக்கு மேல், அந்தக் களியில் மேலோங்கியிருப்பது நீர் பட்டால் உப்பும் ஸ்மெக்டைட், காய்ந்தால் வெடிப்பு, மழை பெய்தால் நீர் இறங்காமல் மேலேயே நிற்கும். இந்த ஏரிக் களியை அறியாமல் கட்டினால் என்ன நேரும் என்பதை 1913 அக்டோபரில் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனாவில் இருந்த கான்கிரீட் தானியக் களஞ்சியம் காட்டியது. புதிதாகக் கட்டிக் கோதுமையை நிரப்பிக்கொண்டிருந்தபோதே அடியிலிருந்த களி நழுவ, கட்டடம் முழுதும் உடையாமல் அப்படியே ஏறத்தாழ 27 பாகை சாய்ந்தது. ஒரு மண் எந்த நீரில், எப்படிப் படிந்தது என்ற கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதல்ல.

இனி தருமபுரி. இங்குள்ள அடிப்பாறை உலகின் மிகப் பழைய பாறைகளைச் சேர்ந்தது: நைஸ், சார்னோக்கைட், ஆங்காங்கே கிரானைட், ஒகேனக்கல் பகுதியில் அரிதான கார்பனடைட். இந்தப் பாறைகள் நின்ற இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாயின. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை, நீண்ட கோடை, 22 பாகைக்கு மேல் நிற்கும் மண் வெப்பம். இச்சூழலில் மேட்டு நிலத்தில் உருவாவது செம்மண். இரும்பு ஆக்சைடு பூசிய மணற்பாங்கான மேல்மண். அதற்குக் கீழே களி சற்றுக் கூடிய அடுக்கு. அதற்கும் கீழே சரளையும் சிதைந்த பாறையும். களி கீழிறங்கிச் சேர்ந்த அடுக்கு தெளிவாக இருந்தால் அது ஆல்பிசால், அதிலும் ரோடுஸ்டால்ஃப் அல்லது ஹாப்ளுஸ்டால்ஃப் குழு. அடுக்கு முதிரவில்லை என்றால் இன்செப்டிசால். குன்றுச் சரிவில் பாறைமேல் ஒரு சாண் மண் மட்டும் என்றால் என்டிசால். பள்ளங்களில் கால்சியமும் மக்னீசியமும் வந்து சேரும் இடங்களில் கருமண்ணும் உண்டு. மேட்டில் சிவப்பு, சரிவில் கலப்பு, பள்ளத்தில் கருப்பு என்று ஒரே பாறையின் மேல் மண் மாறி வரும் இந்த வரிசையை ஜெஃப்ரி மில்ன் 1935இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டு எழுதினார். பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் இடையே மேட்டிலிருந்து ஓடை வரை நடந்தாலும் அதே வரிசைதான். வரைபடங்கள் இதுவரை சரியாகவே சொல்கின்றன. அவை விட்டுவிடுவது, அந்தச் சரிவின் நடுவே மனிதர் போட்ட கரையையும், அது மண்ணைத் தடுத்து நிறுத்தியதால் விளைந்ததையும்தான்.

ஒரு ஏரிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆடி ஆவணியில் தொடங்கி ஐப்பசி வரை பெய்யும் மழையில் மேட்டுக்காட்டுச் செம்மண் கரைந்து ஓடைவழி வருகிறது. ஓடை ஏரிக்குள் நுழையும் இடத்தில் வேகம் செத்துப்போகிறது. 0.05 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு துகள் அசையாத நீரில் பத்து சென்டிமீட்டர் இறங்க முக்கால் நிமிடம் போதும். அதே ஆழம் இறங்க 2 மைக்ரான் களித் துகளுக்கு, 20 பாகை வெப்பமுள்ள நீரில், ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளுக்கு மேல். ஆகவே மணல் ஓடைவாயிலேயே விழுந்துவிடுகிறது. வண்டல் ஏரியின் நடுப்பகுதி வரை வருகிறது. களியோ கரையோரம், மதகை ஒட்டிய ஆழம் வரை பயணப்பட்டு, நீர் அசையாமல் நிற்கும் நாட்களில் மெதுவாகப் படிகிறது. பனியேரியில் கோடை, குளிர் என்று காலத்தால் நடந்த சலித்தல் இங்கே ஓடைவாயிலிருந்து கரை வரை இடத்தால் நடக்கிறது. ஏரி மண் எடுக்கப் போகும் குடியானவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வீடு கட்ட மணல் வேண்டுமானால் ஓடைவாய்க்கும், புன்செய்க் காட்டுக்கு அடிக்க மண் வேண்டுமானால் கரைப்பக்கத்து ஆழத்துக்கும் வண்டியை ஓட்டியவர்கள் அவர்கள்.

பனியேரியின் ஏடுகள் இங்கே ஏன் நிலைப்பதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு படிவு விழத்தான் செய்கிறது. ஆனால் மாசி பங்குனிக்குள் ஏரி வறண்டுவிடும். களி காய்ந்து சுருங்கி அகன்ற வெடிப்புகள் விடும். மேல்மண் உதிர்ந்து அந்த வெடிப்புக்குள் விழும். மாடுகள் மிதிக்கும், கருவேலம் வேர் விடும், சில ஏரிகளில் தண்ணீர் வடிந்த ஈரத்தில் பயிரும் வைப்பார்கள். அடுத்த மழையில் களி உப்பி வெடிப்பு மூடும்போது மேலே இருந்தது கீழேயும் கீழே இருந்தது மேலேயுமாகப் புரண்டிருக்கும். ஆண்டுக் கணக்கைக் காட்டும் ஏடு இப்படித்தான் அழிகிறது. அதற்குப் பதில் வேறு தடயங்கள் சேருகின்றன. கரையோரம் ஒரு குழி வெட்டிப் பார்த்தால் மேலே பாளம் பாளமாக வெடித்த சாம்பல்நிறக் களி. அதன் கீழே வேர் ஓடிய துளைகளை ஒட்டி ஆரஞ்சும் பழுப்புமான கோடுகள். இன்னும் கீழே ஈரம் விடாத, கருமை கூடிய மண். செம்மண்ணின் சிவப்பு எங்கே போயிற்று? மாதக்கணக்கில் நீர் மூடி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று தீர்ந்துவிடுகிறது. நுண்ணுயிரிகள் இரும்பு ஆக்சைடைக் கரையும் நிலைக்கு மாற்றிவிடுகின்றன. கரைந்த இரும்பு வேர்த்துளை வழியே காற்று கிடைக்கும் இடத்தில் மட்டும் மறுபடி துருவாகப் படிகிறது. மேட்டில் இரும்புப் பூச்சு மண்ணைச் சிவப்பாக்கியது; இங்கே அது கழன்று விட்டது, அடியில் மக்கும் பொருளின் கருமை வெளிப்பட்டது. ஒரு பிடியை நனைத்து உருட்டி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தித் தள்ளினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். மேட்டுச் செம்மண் இரண்டு விரல்கடை நீள்வதற்குள் உடைந்துவிடும். கரையோர ஏரி மண் பளபளப்பான நாடாவாக நீண்டு, தன் கனத்திலேயே வளைந்து தொங்கும்.

வளத்திலும் இரண்டும் வேறு. மழை நீர் மேட்டிலிருந்து எதையும் சமமாக அள்ளி வருவதில்லை. கனமான மணலை விட்டுவிட்டு, இலேசான நுண்துகளையும் மக்கையும் அவற்றில் ஒட்டிய பாஸ்பரசையும்தான் முதலில் கொண்டு வருகிறது. ஆகவே ஏரியடி மண் தான் பிறந்த காட்டைவிடச் சத்துள்ளதாக இருப்பது இயல்பு. செம்மண்ணில் கணிசமாக உள்ள கயோலினைட் களி ஒரு கிலோவில் 3 முதல் 15 சென்டிமோல் அளவுக்கே சத்து அயனிகளைப் பிடித்து வைக்கும். ஸ்மெக்டைட் களி 80 முதல் 120 வரை. பள்ளத்தில் ஸ்மெக்டைட் கூடும் இடங்களில் இந்த வேறுபாடு நேரடியாக வயலுக்குப் போகும். மழை அடித்ததும் மேலோடு இறுகி, முளையை எழவிடாமல் அழுத்துவது நம் செம்மண்ணின் பழைய நோய். அதன்மேல் ஏரி மண் சேர்த்தால் ஈரம் நிற்கும் நாட்கள் கூடுவதும், கேழ்வரகும் நிலக்கடலையும் மழை இடைவெளியைத் தாங்குவதும் இதனால்தான்.

இங்கே வகைப்பாட்டியல் அறிந்த ஒருவர் மறுப்பார். ‘இன்று பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் அமெரிக்க முறை 1975இல் வெளியானது முதலே பிறப்பைப் பார்ப்பதில்லை, குணத்தைத்தான் பார்க்கிறது. மண் ஏரியில் படிந்ததா, ஆற்றில் வந்ததா என்பது அதற்குத் தேவையில்லாத கேள்வி. களி 30 விழுக்காட்டுக்கு மேல், வெடிப்பு உண்டு, உள்ளே வழுக்குப் பரப்பு உண்டு என்றால் வெர்டிசால் என்று எழுது. இல்லையென்றால் இன்செப்டிசால் என்று எழுது. ஏரிக்கு என்று தனிப் பெயர் எதற்கு?’ இது வலுவான மறுப்பு. ஆனால் அந்த முறையே தன் விதிக்குள் பிறப்பை உள்ளே விட்டிருக்கிறது. ஆற்றுப் படிவில் அங்ககக் கரிமம் ஆழத்தோடு சீராகக் குறையாமல் ஏறி இறங்குவதை வைத்து ஃபுளூவென்ட் என்று ஒரு துணைவரிசையே உண்டு. ஆண்டு முழுவதும் நீருக்கடியில் கிடக்கும் கடலோர மண்ணுக்கு 2010இல் வாசென்ட் என்ற புதிய துணைவரிசை சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் அவை மண் என்றே எண்ணப்படவில்லை. நீரடிப் படிவு என்று விட்டுவிட்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் அவற்றை அளந்து காட்டிய பிறகு முறை வளைந்து கொடுத்தது. நம் ஏரி மண் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே நிற்கிறது. அது நாள்தோறும் நீருக்கடியில் இருப்பதில்லை, ஆகவே வாசென்ட் ஆகாது. ஆற்றங்கரையில் இல்லை, ஆனாலும் ஆண்டுப் படிவால் கரிமம் ஏறி இறங்குவது ஆற்று மண்ணைப் போன்றதே. சில மாதம் மூழ்கி, சில மாதம் வெடித்துக் கிடக்கும் மண் அது. வரிசையின் பெயரை மாற்றச் சொல்வது என் நோக்கமல்ல. வெர்டிசால் என்றோ இன்செப்டிசால் என்றோ வரட்டும். அதற்குக் கீழே, தொடர் என்ற நிலையில், தருமபுரியின் ஏரிப்படிவு மண்ணுக்கென்று வெட்டிப் பார்த்து எழுதிய ஒரு தொடர் வேண்டும் என்பதுதான். குணத்தைத்தான் பார்ப்பீர்கள் என்றால் முதலில் அந்தக் குணங்களை அளந்தாக வேண்டுமே.

அடுத்த மறுப்பு அளவுகோலைப் பற்றியது. 1976இல் தொடங்கப்பட்ட, நாகபுரியில் இயங்கும் தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் மாநில வரைபடங்களை 1:2,50,000 என்ற அளவில் தயாரித்தது. அந்த அளவில் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். நாற்பது ஹெக்டேர் பரப்புள்ள ஏரி இரண்டரை மில்லிமீட்டர் சதுரமாகச் சுருங்கிவிடும். படத்தில் பிரித்துக் காட்டத்தக்க மிகச் சிறிய பரப்பு 0.4 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் அது தரையில் 250 ஹெக்டேர். நம் ஏரிகளில் மிகப் பல அதற்குள் காணாமல் போகும். சரிதான், ஆனால் அது படத்தின் குறை, மண்ணின் குறையல்ல. இப்போது ஊர் மட்டத்தில் செய்யப்படும் 1:10,000 அளவில் அதே கணக்கு 0.4 ஹெக்டேராக இறங்கிவிடுகிறது. ஒரு குட்டைகூட அந்தப் படத்தில் தன் இடத்தைக் கேட்க முடியும். அளவு இனி சாக்கு ஆகாது.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இம்மாவட்டம் மண்ணைத் தரம் பிரித்த வரலாறு மிகப் பழையது. 1792இல் திப்புவிடமிருந்து இம்மாவட்டம் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவர்கீழ் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை வைத்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறை இங்குதான் உருக்கொண்டது. அதன் தொடர்ச்சியை இன்றும் எந்தக் குடியானவரும் தன் ‘அ’ பதிவேட்டில் பார்க்கலாம். புல எண், நன்செய் புன்செய், பாசன ஆதாரம் என்று வரிசையாக வந்து, ‘மண் வயனமும் ரகமும்’ என்ற கட்டத்தில் கோடிட்ட இரண்டு எண்கள். அதை அடுத்து ‘மண் தரம்’. அதற்குப் பிறகு தீர்வை. ஒரு மண் வகைப்பாடு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் இறங்கி வந்து உட்கார்ந்திருப்பது உலகில் பல நாடுகளுக்கு வாய்க்காத ஒன்று. ஆனால் அந்த வகைப்பாடு தீர்வைக்காகப் பிறந்தது. ஏரி உள்வாய் புறம்போக்கு. புறம்போக்குக்குத் தீர்வை இல்லை. தீர்வை இல்லாத இடத்துக்கு மண் தரம் குறிக்க வேண்டிய தேவையே எழவில்லை. 2015இல் வந்த மண்வள அட்டைத் திட்டமும் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒன்று என்று உழவர் வயல்களில்தான் மாதிரி எடுத்தது. ஆக, இருநூறு ஆண்டுகளாக அரசு மண்ணைப் பார்த்த இரண்டு கண்களும் பட்டா நிலத்தோடு நின்றுவிட்டன. ஏரி மண் ஆய்வில் விடுபட்டது மண்ணியல் காரணத்தால் என்பதைவிட வருவாய்த் துறைக் காரணத்தால் என்பதே பொருத்தம்.

‘ஏரி மனிதர் கட்டியது, அதன் அடியில் இருப்பது சில நூறு ஆண்டு வயதுள்ள செயற்கைப் படிவு, அதை இயற்கை மண்ணோடு சேர்த்து வகைப்படுத்தலாமா?’ என்பது இன்னொரு கேள்வி. வகைப்பாட்டு உலகம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. வடமேற்கு ஐரோப்பாவில் புல்கரணைகளை வெட்டித் தொழுவத்தில் போட்டு, பின் வயலில் கொட்டிக் கொட்டியே நூற்றாண்டுகளில் உயர்ந்த மேல்மண்ணுக்கு பிளாகன் என்று பெயரிட்டு, அரை மீட்டர் கனத்தை எட்டினால் தனி வகையாக ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊரில் ஏரி மண் அடிக்கும் வழக்கத்தை அதனோடு வைத்துப் பார்க்கலாம். இப்போதைய தமிழ்நாட்டு அரசின் அனுமதி அளவு புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர். அதை ஓர் ஏக்கரின் 4,047 சதுர மீட்டரில் பரப்பினால் 2.2 சென்டிமீட்டர் வரும். அரிப்பும் அமுக்கமும் இல்லை என்று வைத்துக்கொண்டால் இருபத்து மூன்று முறை அடித்தால் அரை மீட்டர். அரிப்பு இருக்கத்தான் செய்யும் என்பதால் அவ்வளவு கனம் சேர்ந்த வயல்கள் அரிதாகவே இருக்கும். இருந்தாலும், ஏரிக்குக் கீழே பல தலைமுறை மண் அடித்த பழைய காடுகளில் மேல்மண் அடிமண்ணின் பிள்ளையல்ல என்பதை ஒரு குழி வெட்டினாலே காட்டிவிடலாம். இவற்றை ஆல்பிசால் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது அந்த உழைப்பை வரைபடத்திலிருந்து அழிப்பதாகும்.

எல்லாவற்றிலும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய மறுப்பு, ஏரி மண் எல்லாம் ஒரே மண்ணல்ல என்பது. உண்மை. நீர்பிடிப்பில் எந்தப் பாறை, மேலே வனமா வயலா ஊரா என்பதைப் பொறுத்து அது மாறும். உவர் ஏறிய நீர்பிடிப்பின் ஏரி மண்ணில் உப்பு இருக்கலாம். ஊர்க் கழிவு சேரும் ஏரியில் சத்தோடு கேடும் படிந்திருக்கும். ஓடைவாய் மணலை அள்ளிவந்து ஏரி மண் என்று காட்டில் கொட்டினால் செலவுதான் மிச்சம். ஏற்கெனவே களி மிகுந்த கருமண் காட்டுக்கு இன்னும் களி சேர்ப்பது நீர் வடியாமல் செய்யும். பாறைகளிலிருந்து வரும் புளோரைடால் நிலத்தடி நீர் கெட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரை போக வேண்டியிருந்த மாவட்டம் இது. ஏரியடிக் களியில் எது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்காமல் இருப்பது பொறுப்பாகாது. ஆனால் இந்த வேறுபாடுகள் என் வாதத்தை உடைப்பதில்லை, அதற்கு வலுவே சேர்க்கின்றன. எல்லாம் ஒரே மண் என்றால் ஒரு பெயர் போதும். ஒன்றல்ல என்பதால்தான் பிரித்து, அளந்து, பெயரிட வேண்டியிருக்கிறது.

இப்படிப் பிரித்தறியாமலேயே, 1959ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகளின்படி விவசாயத்துக்கு ஏரி மண்ணை விலையின்றி எடுக்க அனுமதி தரப்படுகிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 என்ற அந்த அளவு, எடுப்பவரின் நிலம் எது என்று பார்க்கிறதே தவிர எடுக்கும் மண் எது என்று பார்ப்பதில்லை. இதைச் சரிசெய்ய, ஒவ்வோர் ஏரியிலும் ஓடைவாய், நடு, கரையோரம் என்று மூன்று இடங்களில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு, கோடையில் ஏரி வறண்டிருக்கும்போது மாதிரி எடுத்தால் போதும். மணல், வண்டல், களி விகிதம், உப்பு, கார அமிலத் தன்மை, கரிமம், களியின் வகை ஆகியவற்றை மாவட்டத்தின் மண் பரிசோதனை நிலையமும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து பார்த்துவிட முடியும். அந்த முடிவைப் பாசன ஆதாரத்தின் பெயரோடு சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றினால், டிராக்டர் உள்வாயில் இறங்கும் முன்பே, எந்தப் பக்கத்து மண் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று கிராம நிர்வாக அலுவலரும் குடியானவரும் ஒரே தாளைப் பார்த்துச் சொல்லலாம்.